தோற்கும் இரவுக்கு ஒரு வேலை: விளையாட்டு ரசிகர்களுக்கான வழிகாட்டி

பாலமேட்டுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் தாய்மாமா வளர்த்த காளை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாட்டுப் பொங்கல் ஜல்லிக்கட்டில், வாடிவாசலைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் பிடிபட்டுவிட்டது. ஒரு பையன் திமிலை அணைத்துக்கொண்டு மூன்று துள்ளலையும் தாங்கிவிட்டான். ஒலிபெருக்கியில் ‘பிடிமாடு’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காளை வெளியே வந்துவிட்டது. ஆண்டு முழுவதும் பருத்தி விதையும் பேரீச்சம்பழமும் கொடுத்து, விடிவதற்கு முன் நடைக்கு ஓட்டிப்போய், கண்மாயில் நீச்சல் விட்டு வளர்த்த மாடு அது. மாமா உடைந்துவிடுவார் என்று நினைத்து அவர் பின்னாலேயே போனேன். அவரோ காளைகள் ஓடிவந்து சேரும் இடத்தில் கயிற்றோடு நின்று மாட்டைப் பிடித்துக் கட்டினார், கொம்பின் அடியைத் தடவிப் பார்த்தார், கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காயம் உண்டா என்று பார்த்தார், தண்ணீர் காட்டினார், வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, வைக்கோல் பிரியால் உடம்பு முழுவதும் தேய்த்துவிட்ட பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சொன்ன முதல் வார்த்தை, “பய நல்லாப் பிடிச்சான்டா.”

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுபவன். 2008-ல் ஐபிஎல் தொடங்கியது முதல் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். 2019 மே 12 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில், கடைசி ஓவரில் 9 ரன் எடுக்க வேண்டியிருந்த நம் அணி, முழங்காலில் ரத்தம் கசியக் கசிய 80 ரன் அடித்த வாட்சனை அந்த ஓவரில் ரன் அவுட்டில் இழந்து, கடைசிப் பந்தில் மலிங்காவிடம் ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ ஆனதால் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அன்று நான் எந்த மாட்டுக்கும் தண்ணீர் காட்டவில்லை. இரவு ஒரு மணி வரை டிவி முன்னால் உட்கார்ந்து அந்த ஒரே பந்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாப்பிட வரச் சொன்ன மனைவியிடம் எரிந்து விழுந்தேன். மறுநாள் கடையில் பேரேட்டில் இரண்டு இடத்தில் தொகையை மாற்றி எழுதி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமாவுக்கு என்னைவிட மனவலிமை அதிகம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது: மாட்டுக்காரருக்குத் தோற்ற பிறகு செய்ய ஒரு வேலை காத்திருக்கிறது, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ரசிகனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட நாம் போடவில்லை, ஆனால் உடம்பு மட்டும் ஆடியவனைப் போலவே களைத்துக் கிடக்கிறது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியைப் பார்த்த பிரேசில், இத்தாலி ரசிகர்களின் எச்சிலைச் சோதித்த ஆய்வாளர்கள், வென்ற பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியதையும் தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியதையும் கண்டார்கள். ஆகவே தோற்ற இரவில் கைகால் ஓய்ந்துபோவது கற்பனை ஆகாது. அதை “வெறும் விளையாட்டுத்தானே” என்ற ஒரு சொல்லால் போக்கிவிடவும் முடியாது. இறங்கிய உடம்புக்கு ஏதாவது வேலை கொடுக்கத்தான் முடியும். அந்த வேலையை டாஸ் போடுவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் சாரம். ஏனென்றால் தோற்ற பிறகு யோசித்துத் தேடும் நிலையில் எவரும் இருப்பதில்லை.

டாஸுக்கு முன்

வேலை என்றால் எந்த வேலையும் ஆகிவிடாது. கை அழுக்காக வேண்டும் அல்லது கால் நடக்க வேண்டும், அரை மணி நேரமாவது பிடிக்க வேண்டும், முடிந்ததும் முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைப்பேசியில் செய்யும் எதுவும் இதில் சேராது, ஏனென்றால் அங்கேதான் தோல்வியும் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளின் மறுநாள் சீருடையைத் தேய்த்து வைப்பது, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவது, மாடித் தொட்டியின் அடியில் படிந்த மண்ணை அள்ளுவது ஆகியவற்றை நான் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் சிறந்தது சீருடை தேய்ப்பது என்பது என் அனுபவம். சூடான இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவரின் தீர்ப்பைப் பற்றி நெடுநேரம் நினைத்துக்கொண்டிருக்க முடியாது, நினைத்தால் சட்டை கருகிவிடும்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு நம் ஊர் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. இரவு ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகும். வேறு பல ஊர்களில் அந்நேரம் வெளியே போனால் நாய்கள்தான் துணைக்கு வரும். தூங்கா நகரம் என்று பெயர் எடுத்த மதுரையில் அப்போதும் பெரியார் நிலையத்தைச் சுற்றி டீக்கடையும் இட்லிக் கடையும் திறந்திருக்கும், மாசி வீதிகளில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதே தெரியாமல் ஒருவர் மும்முரமாக வேலை செய்வதைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலுக்காகவே நான் சிம்மக்கல் வரை போய்வந்த இரவுகள் உண்டு.

சாப்பாட்டை இரண்டு இன்னிங்ஸுக்கும் இடையே உள்ள இடைவேளையில் முடித்துவிட வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் தோற்ற வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை, ஆறிப்போன தோசையின் முன்னால் நடப்பதுதான். முதல் இன்னிங்ஸ் எவ்வளவு மோசமாகப் போயிருந்தாலும் அந்நேரம் நம்பிக்கை கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடலாம்.

பணம் கட்டக் கூடாது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. ஆனால் தெருமுனைப் பந்தயத்துக்குச் செயலி தேவையில்லை. தோற்ற துக்கம் இரண்டு நாளில் கரைந்துவிடும், அதோடு ஐயாயிரம் ரூபாயும் சேர்ந்து போயிருந்தால் அது கரையாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

ஆட்டம் நடக்கும்போது

சென்டிமென்ட் இல்லாத ரசிகனை நான் பார்த்ததில்லை. விக்கெட் விழாமல் இருக்கும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவர், துவைக்காத மஞ்சள் பனியனைத் தொடர் முடியும்வரை போடுகிறவர், கடைசி ஓவரைப் பார்க்காமல் அடுப்படியில் போய் நின்று சத்தத்தை மட்டும் கேட்கிறவர் என்று எங்கள் வீட்டிலேயே மூன்று வகை இருக்கிறது. இவற்றை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நம் கையில் எதுவுமே இல்லாத ஒரு காரியத்தில் ஏதோ நம் கையிலும் இருக்கிறது என்ற நினைப்பை இவை தருகின்றன, அதனால் யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் ஓர் எல்லை உண்டு: உங்கள் சென்டிமென்ட் உங்கள் உடம்போடு நிற்க வேண்டும், அடுத்தவர் தலையில் ஏறக் கூடாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதில்லை. ஒருநாள் என் அப்பத்தா ரசம் வைத்த கிண்ணத்தோடு கூடத்துக்குள் நுழைந்த கணத்தில் ரெய்னா அவுட் ஆனார். “நீ வந்தாலே விக்கெட் விழுந்துருது அப்பத்தா” என்று நான் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், அப்பத்தாவும் சிரித்தது. அதன் பிறகு பல மாதங்கள், கிரிக்கெட் ஓடும் நேரமெல்லாம் அப்பத்தா நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, “ஓவர் முடிஞ்சிருச்சாய்யா, உள்ள வரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் வரும். தன் வீட்டுக் கூடத்துக்குள் வர எண்பது வயதுக் கிழவி அனுமதி கேட்டு நின்றதை நான் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா இப்போது இல்லை. ஓவர் முடியும்போது கண் தானாக நிலைப்படிக்குப் போகிறது.

தெருவில் உள்ள எல்லாத் திரையிலும் பந்து ஒரே நேரத்தில் விழுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளிலோ டிஷ்ஷிலோ பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரியும், கைப்பேசியில் நெட் வழியாகப் பார்க்கிறவருக்குச் சில நேரம் அரை நிமிடம்கூடத் தாமதமாகும். நீங்கள் கைப்பேசிக்காரராக இருந்தால், பந்து வீச்சாளர் ஓடி வரத் தொடங்குவதற்கு முன்பே எதிர்வீட்டிலிருந்து வரும் “ஓ” சத்தம் உங்களுக்கு முடிவைச் சொல்லிவிடும். கடைசி இரண்டு ஓவருக்காவது கேபிள் உள்ள வீட்டுக்குப் போய்விடுங்கள். முடியாவிட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு, வாட்ஸப்பை மூடி வையுங்கள்.

ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்களைக் கணக்கெடுத்த மருத்துவர்கள், ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்தைப் போல 2.66 மடங்காக இருந்ததையும், ஆட்டம் தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டதையும், ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார்கள். இரவு மாத்திரையை ஆட்டம் முடிந்து போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் உரிய நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு அழுத்தமும் வேர்வையும் இடது கையிலோ தாடையிலோ பரவும் வலியும் வந்தால் “மேட்ச் டென்ஷன்” என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். பைபாஸ் செய்துகொண்ட என் சித்தப்பா, இறுதிப் போட்டி என்றால் முதல் இன்னிங்ஸோடு தூங்கப் போய்விட்டு, காலையில் பேப்பரில் முடிவைப் பார்க்கிறார். அவருக்கு அது போதும்.

தோற்ற பின்

தோற்ற உடனே டிவியை அணைத்துவிட வேண்டும். பரிசளிப்பு, பேட்டி, நிபுணர்களின் அலசல் எதுவும் முடிவை மாற்றப் போவதில்லை. முதல் பதினைந்து நிமிடங்களுக்கு யாரோடும் பேச வேண்டாம், எந்தக் குழுவிலும் எழுத வேண்டாம். நேராக டாஸுக்கு முன் குறித்து வைத்த வேலைக்குப் போய்விடுங்கள். வேலை முடிந்ததும் முகம் கழுவிவிட்டுப் படுத்தால் தூக்கம் வராமல் போகலாம், ஆனால் யாரோடும் சண்டை வந்திருக்காது.

மறுநாள் காலையில் நீங்கள் பேசும் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். வென்ற மறுநாள் “நாம ஜெயிச்சிட்டோம்” என்கிறோம், தோற்ற மறுநாள் “சொதப்பிட்டானுங்க” என்கிறோம். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதையே கண்டார்கள்: தங்கள் கல்லூரி அணி வென்றால் ‘நாங்கள்’, தோற்றால் ‘அவர்கள்’, வென்ற வாரத்தின் திங்கட்கிழமையில் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டைகளும் அதிகம். டவுன் ஹால் ரோட்டில் மஞ்சள் பனியன் எந்தெந்தத் திங்கட்கிழமை கண்ணில் படுகிறது என்பதை எண்ணினாலே அவர்கள் கண்டது நமக்கும் தெரிந்துவிடும். நான் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன்: தோற்றாலும் ‘நாம்’ என்றே சொல்வது. “நாம தோத்துட்டோம்” என்று சொல்லும் வாயில் அடுத்ததாக ஆட்டக்காரனின் குடும்பத்தை இழுக்கும் வசவு எளிதில் வருவதில்லை.

அந்த வசவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சை விட்டபோது, அந்த இளைஞரை நாட்டுக்கே விரோதி என்று திட்டித் தீர்த்தார்கள். அதே அர்ஷ்தீப் 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தார். ஜூன் 29 அன்று பார்படாஸில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன்னே தேவைப்பட்ட ஆட்டத்தை இந்தியா 7 ரன்னில் வென்றபோது, 19-வது ஓவரை வீசி 4 ரன் மட்டுமே கொடுத்தவரும் அவர்தான். திட்டி எழுதியவர்கள் அன்றும் கொண்டாடினார்கள். அவர்கள் பழைய பதிவுகளை அழித்தார்களா என்று பார்க்கப் போகவில்லை.

எதிரணிக்குக் கை தட்டுவது எப்படி என்று நம் பக்கத்து ஆட்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. பிடிபடாமல் நின்று விளையாடிவிட்டுப் போகும் காளைக்கு அவனியாபுரத்திலும் அலங்காநல்லூரிலும் விசில் பறக்கும். அந்த விசிலை அடிப்பவர்களில் பாதிப்பேர் மாடுபிடிக்கும் பையன்களின் சொந்தக்காரர்கள். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததும் இந்த வகைதான். பாகிஸ்தான் வைத்த 271 ரன் இலக்கை நோக்கி, முதுகு வலியோடு 136 ரன் அடித்த சச்சின், இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட் ஆக, மிச்ச மூன்று விக்கெட்டுகளும் நான்கு ரன்னுக்குள் விழுந்து 12 ரன்னில் இந்தியா தோற்றது. வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அப்போது எங்கள் வீட்டில் நாங்கள் யாரும் தட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா டிவி மேல் துணியைப் போர்த்திவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் அழுதால்

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. தொடர்ந்து பத்து ஆட்டங்களில் வென்று வந்த இந்தியா, அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 240 ரன்னுக்குச் சுருண்டு, டிராவிஸ் ஹெட்டின் 137 ரன்னால் ஆஸ்திரேலியாவிடம் ஆறு விக்கெட்டில் தோற்றது. ஒன்பது வயது மகள் நீலப் பனியனைக் கழற்ற மாட்டேன் என்று அழுது, அதோடே தூங்கிப்போனாள். “அழாதே, இது ஒரு மேட்ச்சு” என்று நான் தொடங்கியதும், “அப்ப நீங்க ஏன்பா சாப்பிடல?” என்று கேட்டிருந்தாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிள்ளைகள் அழும்போது ஆறுதல் சொல்வதைவிடப் பக்கத்தில் உட்கார்வது மேல். அழுது முடித்ததும் ஒரு வேலை கொடுங்கள். மறுநாளைக்குப் பையை அடுக்கச் சொல்லுங்கள், பென்சில் சீவச் சொல்லுங்கள். காலையில் பள்ளியில் கேலி செய்வார்கள் என்ற பயம் இருந்தால், என்ன பதில் சொல்லலாம் என்று இரவே இருவருமாக ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் தோல்வியைவிட அந்தக் கேலிதான் பெரிது.

வென்றால்

வென்ற இரவுக்கு வழிகாட்டி எதற்கு என்று தோன்றும். 2023 மே 29 அன்று தொடங்கி, மழையால் இழுத்துக்கொண்டே போய், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு மேல் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையைக் கொண்டுவந்தபோது, நான் கீழ்வீட்டுக்காரரின் கைக்குழந்தையை மறந்து மாடியில் குதித்தேன். மறுநாள் இனிப்புப் பொட்டலத்தோடு மன்னிப்புக் கேட்கப் போக வேண்டியதாயிற்று. எதிரணியில் 96 ரன் அடித்த சாய் சுதர்சன் நம் சென்னைப் பையன் என்பதால், அவர் அடிக்கும்போது பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் அன்று முழுவதும் தவித்தது தனிக் கதை.

2025 ஜூன் 3 அன்று 18-வது பருவத்தில் பெங்களூரு அணி முதல் கோப்பையை வென்றது. எங்கள் குடும்பத்தின் ஒரே பெங்களூரு ரசிகனான மச்சினன், அத்தனை ஆண்டுக் கேலியையும் பொறுத்திருந்தவன், அன்று இரவு என்னை அழைத்து ஒன்றும் பேசாமல் அழுதான். மறுநாள் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நாம் கடைப்பிடிப்பதையே வெற்றிக் கூட்டத்துக்குப் போகும்போதும் கடைப்பிடிக்க வேண்டும்: பிரிந்துபோனால் சேரும் இடத்தை முன்பே சொல்லி வைப்பது, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் இருப்பது, வாசலை நோக்கி நெருக்கும் கூட்டத்தின் நடுவுக்குப் போகாமல் ஓரத்திலேயே நிற்பது, மூச்சு முட்டுவதற்கு முன்பே திரும்பிவிடுவது.

பருவமே தோற்றால்

ஓர் ஆட்டம் தோற்பதற்கும் ஒரு பருவம் முழுவதும் தோற்பதற்கும் வேறுபாடு உண்டு. 2025-ல் சென்னை 14 ஆட்டத்தில் நான்கை மட்டுமே வென்று, வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. பத்து இரவு சீருடை தேய்க்க முடியாது. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரே ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்து அவனை மட்டும் பாருங்கள். நான் ஆயுஷ் மாத்ரேயைப் பார்த்தேன். 17 வயதுப் பையன் மே 3 அன்று பெங்களூருவுக்கு எதிராக 94 அடித்தான், அந்த ஆட்டத்தையும் நாம் இரண்டு ரன்னில் தோற்றோம். ஆனாலும் அன்று எனக்கு ஏதோ கையில் மிஞ்சியது.

இன்னொரு மருந்து, நமக்கு எந்தப் பக்கமும் இல்லாத ஆட்டத்தை நேரில் போய்ப் பார்ப்பது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கியின் ஆட்டங்கள் நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தபோது, பெயரே வாயில் நுழையாத இரண்டு அணிகளின் ஆட்டத்துக்கு மகளைக் கூட்டிப்போனேன். யார் கோல் போட்டாலும் அவள் எழுந்து குதித்தாள். மட்டையில் பந்து படும் சத்தம் டிவியில் கேட்பதைப் போல இல்லை என்றாள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பாமல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதைக் கிரிக்கெட்டின் கணக்கில் எழுதக் கூடாது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாமா அந்தக் காளையை விற்கவில்லை. இந்தத் தை மாதமும் வாடிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். நான் வரும் ஐபிஎல்லின் முதல் ஆட்டத்துக்கு, மூன்று ஆண்டுகளாக ஒழுகும் குளியலறைக் குழாயின் வாசரை மாற்றுவது என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். வென்றுவிட்டால் அது இன்னும் சில நாள் ஒழுகட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இந்த ஆண்டு எந்த அணிக்கு வேண்டிக்கொள்ளப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.